தெவிட்டலும் மழுங்கலும்: தமிழ் இலக்கியச் சான்றுகளின்வழி இனிப்புணர்வின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இனிப்பை மீண்டும் மீண்டும் உண்ணும்போது அதன் சுவை மங்குவதை உடலியலார் கடந்த அரை நூற்றாண்டாக ஆய்வுக்கூடங்களில் அளந்துவருகின்றனர். இவ்வனுபவம் தமிழ் நூல்களில் பழங்காலந்தொட்டே பதிவாகியுள்ளது. நாலடியார், குறுந்தொகை, பத்துப்பாட்டு, பக்திப் பாசுரங்கள் ஆகியவற்றில் உள்ள குறிப்புகளையும் வெள்ளைச் சர்க்கரையின் வருகையால் ஏற்பட்ட மாற்றத்தையும் இக்கட்டுரை ஒருங்குவைத்து ஆராய்கிறது. பழந்தமிழரின் நாக்கு நம்முடையதைவிடக் கூர்மையானது என நிறுவுவது இதன் நோக்கமன்று. அவ்வாறு நிறுவ முற்படும் வாதங்களின் எல்லை எதுவென்று காண்பதும் நோக்கங்களுள் ஒன்று.

திறவுச்சொற்கள்: இனிமை, தெவிட்டல், கரும்பு, கட்டி, அஸ்கா, புலனுணர்வு வரலாறு

முன்னுரை

உணவின் வரலாற்றை எழுதுவது ஓரளவு எளிது. என்ன விளைந்தது, என்ன விலைக்கு விற்றது, கோயிலில் எவ்வளவு படைக்கப்பட்டது என்பவற்றுக்குக் கல்வெட்டும் கணக்கேடும் உள்ளன. உண்டவரின் நாவில் அது எவ்வாறு இருந்தது என்ற வினாவுக்கு அத்தகைய ஆவணம் இல்லை. சுவை, நுகர்ந்த கணத்திலேயே அழிந்துவிடுவது. எஞ்சியிருப்பவை சொற்கள் மட்டுமே. அச்சொற்களையும் நாம் நம்முடைய நாக்கைக் கொண்டுதான் படிக்கிறோம்.

முதுகலை வகுப்பொன்றில் நாலடியாரின் கல்வி அதிகாரத்தைப் பாடஞ்சொன்னபோது இச்சிக்கல் எனக்கு நேர்ப்பட்டது. கற்றறிந்தாருடைய நட்பு கரும்பை நுனியிலிருந்து தின்பது போன்றது என்றும், பண்பும் அன்பும் இல்லாதவருடைய தொடர்பு நுனியை நீக்கி அடியிலிருந்து தின்பது போன்றது என்றும் கூறும் செய்யுள் அது. உவமையின் பொருளை மாணவர் உடனே சொல்லிவிட்டனர். 'அடிக்கரும்புதானே இனிப்பு, அதை முதலில் தின்றால் என்ன குறை?' என்று ஒரு மாணவி கேட்டார். உரைகள் எவற்றிலும் இவ்வினாவுக்கு விடை இல்லை. அவ்விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கரும்பின் நுனியும் அடியும்

கரும்பில் சர்க்கரை ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. முதிர்ந்த அடிக்கணுக்களில் சுக்ரோஸ் மிகுதி. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் நுனியில் அது குறைவு, நீர் மிகுதி. நுனியிலிருந்து தொடங்குபவருக்கு ஒவ்வொரு கணுவும் முந்தியதைவிட இனிப்பாகக் கிடைக்கும். இதுவரை உவமை வெளிப்படை. வடமொழி நீதிநூல் மரபிலும் நல்லோர் நட்புக்குக் கரும்பின் கணுக்களே உவமையாகின்றன.

ஆனால் நாலடியார் இரண்டாம் பாதியையும் சொல்கிறது. அடியிலிருந்து தொடங்குபவரும் இறுதியில் அதே கரும்பைத்தான் உண்கிறார், அதே அளவு சர்க்கரையைத்தான் பெறுகிறார். கூட்டிக் கழித்தால் இருவருக்கும் இழப்பில்லை. எனினும் இரண்டாமவரின் அனுபவம் தாழ்ந்தது என்று செய்யுள் தயக்கமின்றித் தீர்ப்பளிக்கிறது. வரிசை மாறினால் சுவை மாறும் என்ற அறிவு இத்தீர்ப்புக்கு அடிப்படை. செறிவான சர்க்கரைக்குப் பழகிய நாக்கு, அதைவிடச் செறிவு குறைந்த கரைசலை ஏறத்தாழச் சுவையற்றதாகவே உணர்கிறது. உடலியலார் இதைப் புலன் தகவமைப்பு என்பர். சில நொடிகளிலேயே தொடங்கி, வாய் கொப்பளித்தபின் சிறிது நேரத்தில் நீங்குவது அது. அடிக்கரும்பைத் தின்ற வாய்க்கு நுனிக்கரும்பு தன் இயல்பான சிறு இனிப்பையும் இழந்து நிற்கும். நுனியை மட்டும் தின்றவருக்கு அது இனிக்கவே செய்யும்.

திருமண வீட்டில் ஜாங்கிரிக்குப் பின் காப்பியைக் குடித்துவிட்டுச் 'சர்க்கரையே போடவில்லையா' என்று கேட்காதவர் அரியர். இனிப்பு, காரம், காப்பி என்ற நம் சிற்றுண்டி வரிசையில் காரம் நடுவில் நிற்பது இத்தொல்லைக்கு ஒரு நடைமுறைத் தீர்வாகவே படுகிறது.

இரு சொற்கள்

இனிப்பு மங்குவதற்குத் தமிழில் ஒரு சொல் அன்று, இரண்டு உள்ளன என்பது கவனத்திற்குரியது. சுவை குறைந்து தோன்றுவதைச் 'சப்பென்று இருக்கிறது' என்கிறோம். எழுத்து வழக்கில் 'மழுங்கல்' எனலாம். இனிப்பு குறையாமலே, அதன்மீதுள்ள விருப்பம் மட்டும் ஒழிவதைத் 'தெவிட்டல்' என்கிறோம். பேச்சில் 'திகட்டல்' என வழங்குவதும் இதுவே. சர்க்கரைப் பொங்கலின் மூன்றாம் கரண்டி திகட்டும்போது அது சப்பென்று இருப்பதில்லை, மாறாக இனிப்பு முழுமையாகவே இருக்கிறது. அந்த இனிப்பே தொல்லையாகிறது.

இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் பிரெஞ்சு உடலியலார் மிஷேல் கபனாக். 1971இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, பசித்திருப்பவருக்கு இன்பம் தரும் சர்க்கரைக் கரைசல், குளுக்கோஸ் நீரை அருந்திய சிறிது நேரத்திற்குப் பின் வெறுப்பைத் தருகிறது. இங்கு மாறுவது உடலின் தேவை. நாவின் கூர்மை அல்ல. தமிழ்ச் சொல்லின் வரலாறும் இதற்கு இசைவாக உள்ளது. 'தெவிட்டு' என்பதற்கு அசைபோடுதல், எதிரெடுத்தல் என்ற பொருள்களும் உண்டு. உண்டது வயிற்றிலிருந்து மேலெழும் நிலையைக் குறித்த சொல், நிறைவுக்கு அப்பாற்பட்ட வெறுப்பையும் குறிப்பதாயிற்று எனக் கொள்ள இடமுண்டு. நாக்கைச் சார்ந்த சொல்லாக அது எக்காலத்தும் இருக்கவில்லை.

பக்தி இலக்கியம் இச்சொல்லின் எதிர்மறையை எடுத்துக்கொண்டது. திருக்குடந்தைப் பெருமானை நம்மாழ்வார் ஆராவமுதாக விளிக்கிறார். அவ்வூர் இறைவனுக்கே அது பெயராக நிலைத்தது. உண்டு அமையாத, போதும் எனத் தோன்றாத அமுது என்பது அதன் பொருள். தேன், பால், கன்னல், அமுது என அடுக்கிச் சொல்லும் பாசுரங்களில் இறைவன் இனிப்பில் இவற்றை விஞ்சியவன் என்று கூறுவதோடு புலவர் நிற்பதில்லை. தெவிட்டாதவன் என்று கூறுவதே உச்சமாகிறது. தெவிட்டல் அன்றாட அனுபவமாக இல்லாத சமூகத்தில் இப்புகழ்ச்சிக்கு வலு இராது. ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா அக்காரவடிசிலை நேர்ந்துகொள்கிறார். அது மனிதர் உண்டு முடிக்கும் அளவன்று, தெவிட்டாத ஒருவனுக்கு மட்டுமே பொருந்தும் அளவு.

தீம்பாலும் தீநீரும்: சான்றின் எல்லை

இவ்விடத்தில் ஒரு கவர்ச்சியான வாதம் எழும். சங்கப் பாடல்கள் பாலைத் தீம்பால் என்கின்றன. குறுந்தொகை 27ஆம் பாடல் அறிந்ததே. புறநானூறு 116இல் கபிலர் சுனை நீரைத் தீநீர் என்கிறார். பாலில் உள்ள லாக்டோஸ் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு, அதன் இனிப்பும் சுக்ரோஸின் இனிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. சுனை நீரில் சர்க்கரை அறவே இல்லை. இவற்றை இனியவை என்றவர்களின் நாக்கு, சர்க்கரையால் மழுங்காத நாக்காக இருந்திருக்க வேண்டும் என்று கூறத் தோன்றும். மேடைப் பேச்சில் இதைக் கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கிடைத்தது.

ஆயினும் இவ்வாதம் நிற்காது. 'இன்', 'தீம்' ஆகிய அடிகள் சர்க்கரையின் சுவையை மட்டும் குறிப்பவை அல்ல. இன்சொல், இன்துயில், தீங்குரல், தீந்தமிழ் என்று காதுக்கும் உடலுக்கும் உவப்பான அனைத்தையும் அவை தழுவும். உவர்ப்பில்லாத நல்ல நீர் தீநீர் ஆகும். 'இனிப்பு' என்ற சொல் சர்க்கரைச் சுவைக்கும் பலகாரத்துக்குமே உரியதாகச் சுருங்கிய பின்னர் வாழும் நாம், பழைய 'தீம்' என்பதை 'இனிப்பான' என்று உரை எழுதும்போதுதான் பாலில் சர்க்கரையைத் தேடுகிறோம். ஆக, இச்சான்று பழந்தமிழர் நாக்கைப்பற்றிச் சொல்வதைவிட நம் உரைமொழியைப்பற்றி மிகுதியாகச் சொல்கிறது.

சங்ககாலத்தில் செறிந்த இனிப்பு இல்லாமலும் இல்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்ற தொன்மத்தைப் புறநானூறு 99இல் ஔவையார் பதிந்துள்ளார். பெரும்பாணாற்றுப்படையில் கரும்பு ஆட்டும் எந்திரத்தின் ஓசையும் பாகு காய்ச்சும் ஆலைகளின் புகையும் வருகின்றன. 'விசயம்' என்று அப்பாகுக்குப் பெயர். கூவியர் பாகில் இட்ட அப்ப வகையையும் அந்நூல் காட்டுகிறது. அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் ஆலைத் தீயின் வெம்மையால் வயலில் நெய்தற்பூ வாடியதைச் சொல்கிறார். மதுரைக்காஞ்சி அங்காடியில் மோதகம் விற்கிறது. வேறுபாடு செறிவில் இல்லை. தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரைகளே. ஒருவர் அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை உண்டார் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. சோழர்காலக் கல்வெட்டுகளில் திருவமுதுக்குரிய சர்க்கரை பலக் கணக்கில் அளந்து குறிக்கப்படுகிறது. அளந்து நிவந்தமாக வைக்கப்படும் பொருள், அள்ளிப் போடும் பொருள் அன்று.

ஆலையிலிருந்து அஸ்கா வரை

அள்ளிப் போடும் காலம் பிறிதொரு வழியில் வந்தது. சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட நூலில் பிரித்தானியக் கணக்குகளைத் தொகுத்துள்ளார். 1700ஐ ஒட்டி ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 பவுண்டாக இருந்த சர்க்கரை, 1800ஐ ஒட்டி 18 பவுண்டாகவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 90 பவுண்டு அளவாகவும் உயர்ந்தது. மருந்துப் பொருளாகவும் செல்வர் வீட்டுக் காட்சிப் பொருளாகவும் இருந்தது, தேநீரோடு ஆலைத் தொழிலாளரின் அன்றாட உணவாயிற்று.

இவ்வுயர்வுக்கு உழைத்தவர்கள் முதலில் கரீபியத் தீவுகளின் ஆப்பிரிக்க அடிமைகள். அடிமைமுறை ஒழிந்தபின் அவ்விடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் தமிழர் கணிசமானோர். மொரிசியசுக்கு 1834 முதல் சென்றனர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்த ட்ரூரோ என்ற கப்பல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் தொகுதியினரைக் கொண்டுசென்றது. பிஜித் தீவிலிருந்த பெண்களைப்பற்றிப் பாரதியார் பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' தமிழ்க் கவிதையில் ஒரு திருப்பம். இரண்டாயிரம் ஆண்டுகளாக இனிமைக்கே உவமையாகி வந்த கரும்பு, அதில் உழைப்புக் கொடுமையின் இடமாக மட்டுமே நிற்கிறது. இனிமை என்ற எண்ணமே அப்பாடலுக்குள் நுழையவில்லை.

தமிழகத்தில் வெள்ளைச் சர்க்கரையின் பரவலைச் சொற்களே காட்டுகின்றன. தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் அது 'சீனி'. சீன நாட்டுத் தொடர்பை அப்பெயர் சுட்டுகிறது என்பர். அங்கெல்லாம் 'சர்க்கரை' என்பது பழுப்பு வெல்லப் பொருளையே குறித்துவந்தது. வடமாவட்டங்களிலோ 'சர்க்கரை' என்ற பழம்பெயரே வெள்ளைப் பொருளுக்குச் சென்றுவிட்டது. அங்கே முதியோர் இன்றும் 'அஸ்கா' என்பர். அது, அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஒடிசாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் மின்சின் என்ற ஆங்கிலேயர் அங்கே நடத்திய ஆலையின் சர்க்கரை மாகாணம் முழுதும் பரவியதால் ஊர்ப்பெயர் பொருட்பெயராயிற்று. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் ஆலையும் அந்நூற்றாண்டில் எழுந்ததே. 1932இல் இறக்குமதிச் சர்க்கரைமீது காப்புவரி விதிக்கப்பட்டபின், இந்தியாவில் ஏறத்தாழ 30 ஆக இருந்த நவீன ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் 130ஐக் கடந்தன.

இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டியது காப்பி. தமிழ் நடுத்தர வர்க்கத்தில் காப்பி நுழைந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியுள்ளார். இனிப்புணர்வின் நோக்கில் அதற்கு ஒரு துணைக்குறிப்பு சேர்க்கலாம். பொங்கலும் அப்பமும் ஒரே வேளையில் மிகுதியாக உண்ணப்படுபவை, ஆதலால் தெவிட்டுபவை. உடல் தானே போதும் என்கிறது. காப்பியிலும் தேநீரிலும் வரும் சர்க்கரை கைப்பின் பின்னால் மறைந்து, ஒரு கரண்டி இரு கரண்டியாக, நாள்தோறும் பலமுறை வருகிறது. ஒருமுறையும் தெவிட்டுவதில்லை. தெவிட்டல் என்ற பழைய காவல் இங்கே செயற்படாமல் போக, மழுங்கல் மட்டும் வேலை செய்கிறது. ஒரு கரண்டி போதாமல் இரண்டாகிறது.

பங்கீட்டுக் காலம் என்னும் சோதனை

இம்மழுங்கல் நொடிகளில் நீங்கும் தகவமைப்பு அன்று. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படியும் ஒன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோனிகா துஸ் குழுவினர் பழ ஈக்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் (2019), சர்க்கரை மிகுந்த உணவில் வளர்ந்த ஈக்களின் இனிப்பு நரம்பணுக்கள் இனிப்புக்குக் குறைவாகவே துலங்கின. அவ்வீக்கள் மிகுதியாக உண்டன. பழைய உணவுக்குத் திரும்பிய பின்னும் மாற்றத்தின் ஒரு பகுதி நீடித்ததை 2020இல் வெளியான அடுத்த ஆய்வு காட்டியது.

மனிதரிடம் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு நடுவத்தைச் சார்ந்த பால் வைஸ், கேரி போசாம்ப் உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்டது. மூன்று மாதம் சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்த குழுவினர், மூன்றாம் மாதத்தில் அதே புட்டிங்கை மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுந்த இனிப்புடையதாக மதிப்பிட்டனர். நாக்கு மீண்டது. ஆனால் அவர்களுக்குப் பிடித்த இனிப்பின் அளவு மாறவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் பழைய அளவுக்கே திரும்பினர். பங்கேற்றவர் மிகச் சிலரே என்பதால் இதன்மேல் பெருங்கட்டடம் எழுப்ப முடியாது.

எனினும் இதே வடிவத்தை ஒரு நாட்டின் வரலாற்றில் காணலாம். பிரித்தானியாவில் 1940 சனவரியில் சர்க்கரையும், 1942 சூலையில் மிட்டாயும் பங்கீட்டுக்கு உட்பட்டன. 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கான கட்டுப்பாட்டை அரசு நீக்கிப் பார்த்தது. வாங்குவோர் கூட்டத்துக்குக் கடைகள் ஈடுகொடுக்க இயலாமல், நான்கே மாதத்தில் மீண்டும் விதித்தது. 1953 பிப்ரவரியில் மிட்டாயும் செப்டம்பரில் சர்க்கரையும் முற்றிலும் விடுபட்டபோது, ஒருவரின் நாளொன்றுக்கான சர்க்கரை 40 கிராம் அளவிலிருந்து விரைவில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பங்கீட்டுக் காலத்தில் கருவுற்று வளர்ந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவின் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தது என 2024இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. நம் வழக்கில் நோயே 'சர்க்கரை' என்ற பெயரைப் பெற்றுவிட்ட நிலையில், இக்கணக்கு தமிழ் வாசகருக்குத் தொலைவிலுள்ள செய்தி அன்று.

பதின்மூன்று ஆண்டுப் பற்றாக்குறையில் அம்மக்களின் நாக்கு எவ்வளவு கூர்மையடைந்தது என்பதை எவரும் அளக்கவில்லை. கடைவாயிலில் நின்ற வரிசை அளப்பது வேறொன்றை. அது வேட்கை.

மிளைக்கந்தனின் பாடல்

குறுந்தொகை 196 மருதத்திணைப் பாடல். பரத்தையிடமிருந்து திரும்பி வாயில் வேண்டிய தலைவனிடம் தோழி கூறுவது. முன்பு என் தோழி வேம்பின் பசுங்காயைத் தந்தாலும் இனிய கட்டி என்றீர். இப்போது பாரியின் பறம்பிலுள்ள சுனையின் தெளிந்த நீரைத் தைத் திங்களில் குளிரக் குளிரத் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். அன்பின் நிலை அவ்வாறாயிற்று என்கிறாள்.

இதை அன்பின் தளர்ச்சிக்கு உவமையாக மட்டும் உரைகாரர் கண்டனர். அது சரியே. ஆயினும் பழகப் பழகச் சுவை குன்றுவதைப்பற்றித் தமிழில் உள்ள மிகக் கூரிய கூற்றும் இதுவே எனக் கருதுகிறேன். காயின் கைப்பும் நீரின் தெளிவும் மாறவில்லை என்பது தோழியின் வாதத்துக்கு இன்றியமையாதது. எனவேதான் எவரும் மறுக்கமுடியாத பொருள்களாக வேம்பையும் பறம்பின் சுனையையும் அவள் தேர்ந்தாள். சுனை நீரைக் கபிலர் தீநீர் என்றதும் நினைவுகூரத்தக்கது. தலைவனின் நாவையும் அவள் பழிக்கவில்லை. நா மழுங்கியிருந்தால் நீர் சுவையற்றுப் போயிருக்கும், உவர்த்திருக்காது. மாறியது விருப்பம்.

ஐங்குறுநூறு 203 இதன் மறுதலை. அங்கே தலைவி, தன் வீட்டுத் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, தலைவன் நாட்டில் தழை மூடிய குழியில் விலங்கு உண்டு எஞ்சிய கலங்கல் நீரே இனிது என்கிறாள். இரு பாடல்களிலும் இனிமைக்கு அளவுகோலாக நிற்பவை வெல்லக்கட்டியும் தேனுமே, அளக்கப்படுபவை காயும் தண்ணீரும்.

மாணவியின் வினாவுக்கு மறுவாரம் விடை சொன்னேன். அவர் அதற்குள் ஒரு கரும்பை வாங்கி இருபுறமும் தின்று பார்த்திருந்தார். நுனி இனிக்கவில்லை என்றார். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினார் என்று கேட்டேன். அடியிலிருந்து.